பற்றுறுதியும் அதன் விலையும்

கடவுளிடத்துக் கொண்ட பற்றை எத்தகைய இடர் வரினும் விடாதிருத்தல் வேண்டும் என்பது எல்லாச் சமயத்தாரும் ஒருமுகமாக ஒப்பும் அறமாகும். சைவரும் வைணவரும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், வேறு எத்துணைச் செய்திகளில் மாறுபடினும் இதில் மாறுபடுவாரல்லர். ஆயின், எல்லாரும் ஒப்புகின்ற அறங்களே பெரும்பாலும் ஆராயப்படாமற் கிடக்கின்றன. விட்டுக்கொடாமை என்பது யாது? எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுத்தலாகாது? வெறும் பிடிவாதத்திற்கும் மெய்யான பற்றுறுதிக்கும் உள்ள வேற்றுமையை எவ்வாறு அறிவது? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் உறுதியைப் புகழ்வது, உரைத்துப் பாராமற் பொன் வாங்குவதை ஒக்கும்.

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும், சீனிவாசப் பெருமாள் கோயிலும், அங்குலியா பள்ளிவாசலும் ஒரே வீதியில் நிற்கின்றன. சிறிது தொலைவிலேயே தமிழ்க் கிறிஸ்தவர் தொழும் ஆலயங்களும் உள்ளன. இவ்வீதியில் தொழச் செல்வோரை நிறுத்தி, உறுதியிற் சிறந்த பெரியார் யாவர் என்று கேட்பின் விடைக்குத் தட்டிராது. சைவர் திருநாவுக்கரசரைச் சுட்டுவர். பல்லவ மன்னனின் ஆணைக்குப் பணியாமையால் அவர் நீற்றறையில் அடைக்கப்பட்டதையும், நஞ்சூட்டப்பட்டதையும், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டதையும் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார். முஸ்லிம்கள் பிலாலைச் சுட்டுவர். அடிமையாயிருந்த அவரை மக்காவின் சுடுமணலிற் கிடத்தி மார்பின்மேற் பாறையை ஏற்றிய போதும், இறைவன் ஒருவனே என்ற சொல்லை அவர் விட்டிலர். கிறிஸ்தவர் நட்டாலம் தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுவர். திருவிதாங்கூர் அரசின் ஊழியராயிருந்த அவர், 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1749இல் சிறைப்பட்டார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இம்மூவரையும் போற்றுவதில் நமக்குத் தடையில்லை. ஆனால் இத்தகையோரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவோர் பலர் உளர். பெண்ணைப் படிக்க விடாத தந்தையும், பிற சாதியானைக் கோயிற்படி மிதிக்க ஒட்டாத நாட்டாண்மைக்காரனும், மாற்றுச் சமயத்தாளை மணந்த மகனுக்குக் கதவடைத்த தாயும், தாம் கடவுளுக்காக நிற்பதாகவும் உலகமே எதிர்த்தாலும் அசையப் போவதில்லை என்றும் கூறுகின்றனர். உலகம் இவர்களை எதிர்க்கின்றது என்பதும் மெய். இவர்கள் அசையார் என்பதும் மெய். நாவுக்கரசரும் அசைந்தாரல்லர். அவ்வாறாயின் இரு திறத்தாரும் ஒரு வகையினர்தாமா? அல்லர் என்று உள்ளம் சொல்கின்றது. ஏன் அல்லர் என்பதை அறிவு சொல்லுதல் வேண்டும். அதற்குப் பழங்காலத்திற் போய்த் தேடாமல், இந்நகரிலேயே, நம் பெற்றோரும் பாட்டன்மாரும் வாழ்ந்த காலத்திலே நிகழ்ந்த ஒன்றை எடுத்து ஆராய்வாம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஊரின் பெயர் சியோனான் என்று மாறிற்று. அப்பொழுது இங்கு ஆங்கிலிக்கன் திருச்சபையின் அத்தியட்சராக, அதாவது பிஷப்பாக இருந்தவர் லெனர்ட் வில்சன் என்னும் ஆங்கிலேயர். அவர் அப்பதவிக்கு வந்தது 1941இல். ஐரோப்பியர் பலரும் சாங்கிக்குக் கொண்டுபோகப்பட்ட பின்னும், அவரும் வேறு இரு குருமாரும் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்து சமயத் தொண்டு செய்ய இடம் பெற்றனர். ஜப்பானிய ஆட்சியிற் சமயத் துறையைக் கவனித்த ஒகாவா என்னும் அதிகாரி தாமும் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவராயிருந்ததே அதற்குக் காரணம். அவர் துணையால் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தில் வழிபாடு தொடர்ந்து நடந்தது.

இங்கே நாம் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். தம் நாட்டை வென்ற பகைவரிடம் அனுமதி கேட்டுப் பெறுவதும், அவர் வகுத்த எல்லைக்குள் அடங்கி நடப்பதும் ஓர் ஆங்கிலேய அத்தியட்சருக்கு எளிதாயிருந்திருக்குமா? வீரம் பேசுவோர், அஃது இணக்கமன்றோ, தாழ்வன்றோ என்பர். ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது தம் மதிப்பை. காத்தது பிறரின் வழிபாட்டை. இழப்பு அவருக்கு, பயன் மற்றவர்க்கு. இதனை நினைவிற் கொள்க. மேலே வரும் ஆராய்ச்சிக்கு இதுவே திறவுகோல்.

1943 மார்ச்சில் அவரும் சாங்கிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 26 இரவில், ஆஸ்திரேலியாவினின்றும் வந்த ஒரு சிறு நேசப்படைக் குழு சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்களில் வெடிகளைப் பொருத்திச் சேதம் விளைத்துத் திரும்பிற்று. சாங்கியிற் கிடந்தோருக்கு இதனைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கெம்பெய்தாய் என்னும் இராணுவப் போலீசார், சிறையினுள்ளிருந்தே ஒற்று வேலை நடந்ததாக எண்ணி, அக்டோபர் 10 அன்று சிறையைச் சோதனையிட்டுச் சிலரைப் பிடித்துச் சென்றனர். அந்நாளிலும் அதன் பின்னரும் அங்கிருந்து பிடிக்கப்பட்டோர் 57 பேர். அவர்களுள் 15 பேர் உயிரிழந்தனர். பத்தாம் மாதம் பத்தாம் நாள் தொடங்கியமையால் இரட்டைப் பத்து நிகழ்ச்சி என்று வரலாறு இதனைக் குறிக்கின்றது.

அத்தியட்சர் வில்சன் அக்டோபர் 17 அன்று பிடிக்கப்பட்டார். சிறையிலிருந்தோருக்கு உணவு வாங்குவதற்காக வெளியிலிருந்து பணம் பெற்றதை ஒற்று வேலைக்குப் பெற்ற பணமென்று கெம்பெய்தாய் ஐயுற்றது. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்க, உடந்தையாயிருந்தோரின் பெயர்களைச் சொல்க என்பதே அவர்கள் கேட்டது. மேசையிற் கட்டிக் கிடத்தி மாறி மாறி அடித்தனர். அவர் நடக்கமாட்டாதவராய்த் தூக்கிச் செல்லப்பட்டு அறையில் எறியப்பட்டார். ஏறத்தாழ எட்டு மாதம் அவர்கள் கையிற் கிடந்தார். அவர் வாயினின்றும் வேண்டிய ஒப்புதல் வரவில்லை.

1946 அக்டோபரில் லண்டன் பி.பி.சி. வானொலியில் ஆற்றிய சமயவுரையில் அவர் இவற்றை வெளியிட்டார். அடித்தவர்கள் அவரை நோக்கி, நீ கடவுளை நம்புகின்றாயா என்று கேட்டனர். நம்புகிறேன் என்றார். எனின் அவர் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்றனர். வேதனையிலிருந்து விடுவிப்பதன் மூலமாக அன்று, அதனைத் தாங்கும் ஆவியைத் தருவதன் மூலமாகவே இறைவன் தம்மைக் காக்கின்றான் என்பது அவர் அளித்த விடையின் கருத்து. ஏன் எங்களைச் சபிக்கவில்லை என்று வினவியபோது, எல்லாரும் உடன்பிறந்தார் என்று கற்பித்தவரின் அடியவன் தாம் என்று காரணம் கூறினார். வெறுப்பு எழுந்த வேளைகளில், எதிரே நின்றவர்களைச் சிறு குழந்தைகளாகக் கற்பனை செய்து பார்த்ததாகவும், குழந்தைகளை வெறுத்தல் கூடாமையால் அவ்வெறுப்பு அடங்கியதாகவும் அவர் சொன்னார்.

அக்காலத்திலேயே கெம்பெய்தாய் வசம் இருந்த ஆர்ச்சர்ட் சாலை வை.எம்.சி.ஏ. கட்டடத்தில் எலிசபெத் சோய் என்னும் சீனப் பெண்மணியும் அடைக்கப்பட்டிருந்தார். பள்ளி ஆசிரியையாயிருந்தவர், மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலை நடத்திக் கணவருடன் சேர்ந்து சிறையிலிருந்தோருக்குப் பொருளும் செய்தியும் எட்டச் செய்தவர். ஏறத்தாழ 200 நாள் அங்கே வைக்கப்பட்டார். கணவர் கண்ணெதிரிலேயே மின்சாரம் பாய்ச்சி வதைத்தனர். கிறிஸ்தவரான அவரும் பொய்யொப்புதல் தரவில்லை. போர் முடிந்தபின், வதைத்தவர்களுள் எவர் தூக்கிலிடப்படுதல் வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, பெயர் சொல்ல மறுத்தார். தீமை போரினது என்றார். 1951இல் சட்டமன்ற உறுப்பினராக நியமனம் பெற்று, நெடுங்காலம் ஆசிரியத் தொண்டு செய்து, 2006இல் மறைந்தார்.

இவ்விருவர் செய்கையிலும் ஒன்று தெளிவாகின்றது. நாவுக்கரசரையும் பிலாலையும் வதைத்தோர் அவர்தம் வழிபாட்டை மாற்றிக்கொள்ளக் கேட்டனர். கெம்பெய்தாய் அப்படிக் கேட்கவில்லை. கிறிஸ்துவை மறுதலி என்று சொல்லவில்லை. சிலுவையை மிதிக்கச் சொல்லவில்லை. "யாரேனும் ஒருவன் பெயரைச் சொல், உன்னை விட்டுவிடுகிறோம்" என்பதே பேரம். வழிபாட்டின் ஒரு சொல்லையும் மாற்றாமலே ஒருவன் இப்பேரத்திற்கு இணங்கியிருக்கலாம். ஞாயிறுதோறும் அதே ஆலயத்தில் அதே வேண்டுதலை ஓதியிருக்கலாம். ஆனால் அவன் நம்பிக்கை அன்றே இறந்திருக்கும். பகைச் சூழல் நம்மிடமிருந்து பறிக்க விரும்புவது பெரும்பாலும் கடவுளின் பெயரையன்று, பக்கத்திலிருப்பவனின் பெயரையே.

இங்கே நேயருள் பகுத்தறிவாளராயுள்ளோர் எழுந்து ஒரு வினா விடுப்பர். அத்தியட்சருக்குத் தாங்கும் ஆவி கிடைத்தது, நன்று. அதே 1943 அக்டோபரில்தான் சயாம்-பர்மா இரயில் பாதையின் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் பசியாலும் அக்காட்டிலேயே மாண்டனர். அவர்களும் மாரியம்மனையும் முனீசுவரனையும் கும்பிட்டவர்களே. அவர்களை எக்கடவுள் காத்தது?

இவ்வினாவை ஒதுக்குதல் நேர்மையாகாது. தோட்டத் தமிழர் குடும்பங்கள் பலவற்றில், திரும்பி வாராத ஒரு பாட்டன் இருக்கின்றான். வில்சனின் விடையை எடுத்து அந்தப் பாட்டனுக்கு நாம் சொல்லிவிடுதல் கூடாது. தன் துன்பத்தைக் குறித்து ஒருவன் தானே சொல்லத்தக்க விடை ஒன்றுண்டு. அதனைப் பிறன் துன்பத்திற்கு விடையாகக் கூறுவது கொடுமை. அடிபட்டவன் "இறைவன் எனக்கு வலிமை தந்தான்" என்றால் அது நம்பிக்கை. அடிபடாதவன் மாண்டவனைக் காட்டி "இறைவன் அவனுக்கு வலிமை தந்திருப்பான்" என்றால் அது வாயடைப்பு. வில்சன் தம் மேனியிற்பட்ட அடியைப் பற்றியே பேசினார். ஆகவே அவர் விடை கடவுள் உண்டென்பதற்குச் சான்றாகாது. அவர் நம்பிக்கை எத்தகையது என்பதற்கே சான்றாகும். காத்தால் கும்பிடுவேன், கைவிட்டால் விடுவேன் என்பது வாணிகம். அவரது பற்று வாணிகமன்று என்பதே அதனால் விளங்குவது.

கடவுளை நம்பாதோருள்ளும் சித்திரவதையிற் பிறரைக் காட்டிக்கொடாமல் இறந்தோர் உலகெங்கும் உளர். ஆதலின், இவ்வுறுதி ஆத்திகருக்கே உரிய சொத்தென்று கொண்டாடுதலும் வேண்டா. நாம் தேடுவது இரு திறத்தாரையும் ஒருங்கே அளக்கும் கோல்.

அக்கோல் யாதெனில், கூறுவாம். ஒருவனுடைய உறுதிக்கு விலை கொடுப்பவன் யார் என்று கேளுங்கள். நாவுக்கரசர் நீற்றறையில் தாமே இருந்தார். பாறை பிலாலின் மார்பிலேயே ஏற்றப்பட்டது. துப்பாக்கிக் குண்டு தேவசகாயத்தின் உடலிலேயே பாய்ந்தது. வில்சன் பெயர்களைச் சொல்லியிருப்பின் அடி வேறு முதுகுகளுக்கு மாறியிருக்கும். அவர் தம் முதுகிலேயே நிறுத்திக்கொண்டார். தன் கொள்கையின் விலையைத் தானே கொடுப்பவன் பற்றுறுதியுடையவன். அவ்விலையைப் பிறன் தலையிற் கட்டுபவன், வாயால் எந்தக் கடவுளைச் சொன்னாலும், பிடிவாதக்காரனே. மகளின் கல்வியை விலையாகக் கொடுத்துத் தன் ஆசாரத்தைக் காக்கும் தந்தை எதனையும் இழந்தானல்லன், இழந்தவள் மகள்.

இக்கோலைக் கொண்டு இந்நகரின் மற்றொரு நிகழ்ச்சியையும் அளந்து பார்க்கலாம். அதே 1943ஆம் ஆண்டு, அக்டோபர் 21 அன்று, சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரிற் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். வில்சன் வதைபட்ட அதே நாட்களில், ஜப்பானியர் துணையை நம்பி, தமிழர் பல்லாயிரவர் விடுதலைக் கனவில் திளைத்தனர். ஒருவனுக்குப் பகைச் சூழலாயிருந்தது மற்றொருவனுக்கு நம்பிக்கைச் சூழலாயிருந்தது. வரலாறு அத்தகையது. அவ்வாண்டில் டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு, செட்டியார் கோயில் என்று நாம் வழங்கும் அதற்கு, வருமாறு போசை அழைத்தனர். சாதி மத வேற்றுமை பாராட்டும் இடத்திற்குத் தாம் வருவதற்கில்லை என்று அவர் மறுத்தார். எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் வரலாம் என்று கோயிலார் இசைந்த பின்னரே, முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களுமான தம் அதிகாரிகளுடன் உள்ளே சென்றார். உடன் சென்ற ஆபித் ஹசன் இதனைப் பின்னர் விவரித்துள்ளார்.

அன்று முருகன் குறைந்து போனானா? கோயில் தீட்டுப்பட்டு இடிந்து விழுந்ததா? இன்றும் தைப்பூசத்தன்று காவடிகள் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலினின்றும் புறப்பட்டு அவ்வாயிலுக்கே செல்கின்றன. இறைவன் விதித்ததென்றும் விட்டுக்கொடுத்தல் ஆகாதென்றும் எண்ணப்பட்ட வழக்கத்தை ஒரு நாளில் விட்டனர். பக்தியில் ஓர் அணுவும் குறையவில்லை. அவ்வழக்கத்திற்கு விலை கொடுத்து வந்தவர்கள் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், உள்ளே இருந்தவர்களல்லர். ஆகவே அது பற்றுறுதியன்று, வழக்கமே. வழக்கத்தை விடுதல் கடவுளை விடுதலாகாது.

எல்லா வழக்கும் இவ்வளவு எளிதாகத் தீரும் என்று நாம் சொல்லோம். சிங்கப்பூரில் 1967 முதல் இளைஞர்க்குத் தேசிய சேவை கட்டாயமாயிற்று. ஆயுதம் ஏந்துதல் தம் சமயத்திற்கு மாறானது என்று யெகோவாவின் சாட்சிகள் மறுத்தனர். 1972இல் அவர்கள் சபையின் பதிவு நீக்கப்பட்டது. சேவைக்கு மறுத்த இளைஞர் இராணுவத் தடுப்பிற் காலங்கழித்தனர். தம் கொள்கையின் விலையைத் தாமே கொடுத்தனர் என்பது ஒரு பக்கம். நாட்டைக் காக்கும் சுமையை அயல்வீட்டுப் பிள்ளை சுமக்க விட்டனர் என்பது அரசின் பக்கம். இரண்டிலும் உண்மையுண்டு. நம் கோல் இவ்வழக்கைத் தீர்த்துவிடவில்லை. ஆயினும் எவ்வினாவைக் கேட்டல் வேண்டும் என்பதைக் காட்டிவிடுகின்றது. சட்டத்தை மறுத்தவனைக் கோழையென்றோ துரோகியென்றோ ஏசுவதினும், சுமை எங்கே போய் விழுகின்றது என்று இரு பக்கத்தாரும் கேட்பது நாகரிகம்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. வதை தாங்காமல் வாய் திறந்தோரும் எக்காலத்தும் உளர். அவர்களை இகழ்வதற்கு மெத்தையில் உறங்கி எழும் நமக்கு உரிமையில்லை. நகக்கண்ணில் ஊசி ஏறாதவரை எல்லாரும் வீரரே. பற்றுறுதி என்பது மற்றவனை அளக்கும் முழக்கோலன்று. தன்னை அளந்துகொள்ளும் முழக்கோல். அதனைப் பிறன் முதுகில் வைத்துப் பார்ப்பவன், விலையைப் பிறன்மேற் சுமத்தும் பழைய குற்றத்தையே மறுபடியும் செய்கின்றான்.

இனி, பகைச் சூழல் விரிக்கும் இறுதி வலையொன்று உண்டு. அஃது அடி ஓய்ந்தபின் வருவது. அடித்தவனைப் போலவே நாமும் ஆகிவிடுதல் என்பதே அது. 1946இல் இவ்வழக்கு இந்நகரில் விசாரிக்கப்பட்டது. 21 பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டு, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நீதி தன் வேலையைச் செய்தது, செய்ய வேண்டியதே. ஆனால் நீதி வேறு, வெறுப்பு வேறு. வதைத்தவர்களுள் ஒருவன் தண்டனை பெற்ற கைதியாகப் பேராலயத்திற்கு வந்து ஞானஸ்நானம் பெற்றதையும், பின்னர்ச் சிறையில் அவனுக்குத் திருவிருந்தைத் தம் கையாலேயே அளித்ததையும் வில்சன் அவ்வானொலியுரையிற் குறிப்பிட்டார். தண்டனை நீங்கவில்லை, பகை நீங்கிற்று. அடிக்கு அசையாதவர் பலர் வெறுப்புக்கு அசைந்துவிடுவர். அதற்கும் அசையாமையே முழுவுறுதி.

இக்கதையெல்லாம் நமக்கு எற்றுக்கு என்று கேட்கலாம். இன்று சிங்கப்பூரில் தொழுவதைத் தடுக்கும் மன்னன் இல்லை. அரசியல் சட்டமே சமய உரிமையை அளிக்கின்றது. கோயில் மணியும், பள்ளிவாசல் தொழுகையும், ஆலயப் பாடலும் ஒரே சாலையில் நடைபெறுகின்றன. ஆனால் அப்பேரம் ஒழிந்துவிட்டதா? தோட்டக் காலத்தில் கங்காணியின் கண்ணுக்கு நல்லவனாக, பக்கத்து நிரையில் மரம் சீவினவனைக் கிராணியிடம் கோள் சொன்னவன் மாரியம்மன் திருவிழாவில் முன்வரிசையில் நின்றான். இன்று கட்டுமான இடத்தில் ஒருவன் தவறி விழுந்து மாண்டால், "அவனுக்குப் பாதுகாப்புக் கச்சை கொடுக்கப்பட்டது; அவனே அணியவில்லை" என்று எழுதிய தாளில் கையொப்பமிடுமாறு உடனிருந்தவனைக் கேட்கக்கூடும். கையொப்பமிட்டால் வேலை நிலைக்கும். மறுத்தால் ஊருக்குச் சீட்டுக் கிழிக்கப்படலாம். அத்தாளில் கடவுளைப் பற்றி ஒரு சொல்லும் இராது. ஆயினும் அவன் கடவுள் அங்கேதான் சோதிக்கப்படுகின்றார். அலுவலகத்தில் தன் பிழையை இளையவன்மேல் ஏற்றும் எழுத்தரும், கடையில் தன் நட்டத்தைக் கூலியாளின் சம்பளத்திற் பிடிக்கும் முதலாளியும் நிற்பது அதே இடத்தில்.

ஆகவே, அன்பர்களே, கடவுளுக்கு உண்மையாய் நிற்க விரும்புவோர் தம் நெற்றியிலும் கழுத்திலும் தலையிலும் உள்ள அடையாளங்களை மாத்திரம் காத்துக்கொண்டால் போதாது. அவற்றைக் காத்துக்கொண்டே பக்கத்திலிருப்பவனை விற்றுவிட முடியும். உமது மதிப்பு ஒன்றே போகுமிடத்துத் தாராளமாக விட்டுக்கொடுங்கள். பிறனுடைய உயிரும் உணவும் நற்பெயரும் போகுமிடத்து ஓர் எழுத்தும் விட்டுக்கொடாதீர்கள். அதனால் நேரும் விலையை நீங்களே கொடுங்கள். கொடுத்தபின், அவ்விலையை உம்மிடம் பறித்தவனையும் வெறாதிருக்க முயலுங்கள். இத்தகைய உறுதியைக் கண்டால், கடவுளை நம்பாதவனும் தலைவணங்குவான். நம்புகின்றவன் தன் நம்பிக்கைக்குப் பொருள் இன்னதென்று அறிவான்.